இருவருக்குச் சாப்பாடு எவ்வளவு?

சகோதரிகளே, சென்ற ஆவணி மாதம் என் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு நடந்தது. கூடம் நிறையப் பெண்கள். ஒரு பக்கம் தட்டுத் தட்டாகப் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். இன்னொரு பக்கம் புளியோதரை, எலுமிச்சம்பழ சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர் சாதம் என்று ஐந்து அடுக்குகள். வளையல் சத்தத்துக்கும் சிரிப்புச் சத்தத்துக்கும் நடுவே ஒரு சின்னச் சண்டையும் நடந்துகொண்டிருந்தது.

"வாயைத் திற, கண்ணு. நீ ஒருத்திக்காகவா சாப்பிடறே? ரெண்டு உசிருக்குச் சாப்பிடறே. இன்னும் ரெண்டு கை பொங்கல் உள்ளே போகட்டும்!" என்றார் சம்பந்தி அம்மாள்.

"போதும் சம்பந்தி, திணிக்காதீங்க. வயித்துப் பிள்ளை பெரிசாயிட்டா அப்புறம் டாக்டர் கத்தியைத்தான் எடுப்பார். அரை வயிறு சாப்பிட்டவளுக்குத்தான் சுகப் பிரசவம்" என்றார் என் அம்மா. பெண்ணுக்கு அவர் அப்பத்தா. ஆறு பிள்ளை பெற்றவர். அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

இரண்டு கிழவிகளுக்கும் நடுவில் அந்தப் பெண் மணையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் மஞ்சள் இருந்தது, சந்தனம் இருந்தது, களை மட்டும் இல்லை. பொங்கலை வாயில் வாங்கிக்கொண்டாள். யாரும் பார்க்காத சமயத்தில் அதைக் கைக்குட்டையில் துப்பி மடித்துக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மொட்டை மாடிக்கு அவளை அழைத்துப் போனேன். "என்னடி விஷயம்?" என்று கேட்டதுதான் தாமதம், பொலபொலவென்று கண்ணீர் விட்டாள்.

"அத்தை, நான் குண்டாக இருக்கிறதாலே என் குழந்தைக்கு மூளை சரியா வளராதாம். போன்லே படிச்சேன். அமெரிக்காவிலே கண்டுபிடிச்சிருக்காங்க. பதினஞ்சு நாளா ராத்திரியிலே மோர் மட்டும் குடிச்சுட்டுப் படுக்கிறேன். காலையிலே எனக்கு வைக்கிற தோசையை இவருடைய டிபன் டப்பாவிலே போட்டுடறேன். யாருகிட்டேயும் சொல்லிடாதீங்க அத்தை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு மாதக் கர்ப்பிணி பதினைந்து நாளாகப் பட்டினி! அதுவும் குழந்தையின் நன்மைக்காக! வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மாப்பிள்ளைக்கோ, இப்போதெல்லாம் டப்பாவில் தோசை ஜாஸ்தியாக இருக்கிறதே என்ற சந்தோஷம்!

மறுநாள் காலை முதல் வேலையாக அவளுடைய லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. எடை பார்க்கும் மிஷினில் நிறுத்தினார். முந்தைய தடவை 75 கிலோ இருந்தவள், இப்போது எழுபத்து மூன்றரை.

"நீ படிச்ச செய்தி பொய் இல்லேம்மா. ஆனா, செய்தியிலே பாதிதான் உன் கண்ணிலே பட்டிருக்கு. மீதிப் பாதியையும் சொல்றேன், கேட்டுக்கோ" என்றார்.

அவர் சொன்னதையும், அதன் பிறகு நான் புத்தகங்களைப் புரட்டித் தெரிந்துகொண்டதையும் உங்களிடம் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெண் இப்படி ரகசியமாக மோர் குடித்துக்கொண்டிருக்கலாம் அல்லவா?

முதலில் அந்த அமெரிக்கச் செய்தி. 2021-ம் வருஷம் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 109 கர்ப்பிணிகளைப் பரிசோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பெண்கள் அனைவருமே கொஞ்சமோ அதிகமோ எடை கூடியவர்கள். கர்ப்பத்தின் ஆறாவது மாதத்துக்கும் ஒன்பதாவது மாதத்துக்கும் இடையே, வயிற்றிலிருக்கும் சிசுவின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியால் படம் பிடித்துப் பார்த்தார்கள். கத்தியில்லை, ஊசியில்லை. தாய் படுத்திருக்க, வயிற்றுக்குள்ளே குழந்தையின் மூளையில் எந்தப் பகுதி எதனோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று வெளியிலிருந்தே கவனித்தார்கள். என்ன விந்தை, பாருங்கள்!

தாயின் எடை கூடக் கூட, சிசுவின் மூளையில் இரண்டு இடங்களின் இணைப்புகளில் வித்தியாசம் தெரிந்தது. ஒன்று நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, மற்றொன்று உட்புறத்தில் மடிந்து கிடக்கும் ஒரு பகுதி. யோசித்து முடிவெடுப்பதிலும் உணர்ச்சிகளை அடக்கி ஆள்வதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. இது வரையில்தான் என் அண்ணன் மகள் படித்தாள். இதற்குமேல் ஆராய்ச்சியாளர்களே சொல்லியிருப்பது என்னவென்றால், படத்தில் தெரிந்த இந்த வித்தியாசத்தால் பிற்காலத்தில் குழந்தைக்குக் கெடுதல் வரும் என்று அந்தப் பரிசோதனை காட்டவில்லை. அதைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்ட பரிசோதனையும் அல்ல அது. பிறந்த பிறகு அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துப் பார்த்தால்தான் அந்த விஷயம் தெரியும்.

இன்னொரு செய்தியும் உண்டு. தாய்க்கு எடை அதிகமாக இருந்தால் பிள்ளைகளிடம் துறுதுறுப்பும் கவனக் குறைவும் சற்று அதிகமாகக் காணப்படுகின்றன என்று பல நாடுகளில் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் இதை ஒரு புத்திசாலித்தனமான முறையில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன் தம்பிகளை ஒப்பிட்டார்கள். முதல் பிரசவத்தின்போது ஒல்லியாக இருந்த தாய், அடுத்த பிரசவத்தின்போது பருமனாக இருப்பது சகஜம்தானே? எடைதான் காரணமென்றால் இரண்டாவது பிள்ளையிடம் அந்தக் குறை அதிகம் தெரிய வேண்டும். 2014-ல் வெளியான முடிவைப் பாருங்கள்: அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை! ஆகவே, குடும்ப வழியாக வரும் குணமும், வீட்டின் சூழ்நிலையும், இன்னும் பலவும் அந்தக் கணக்கில் கலந்திருக்கின்றன. எல்லாப் பழியையும் தாயின் இடுப்புச் சுற்றளவின் மேல் போடுவது நியாயமில்லை. (அப்பாவின் தொந்தியை யாராவது அளந்தார்களா என்று கேட்கிறீர்களா? அதையும் அளந்து ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னபோது அவர் மூச்சை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார்!)

"அப்படியானால் எடையைப் பற்றிக் கவலையே வேண்டாமா? சம்பந்தி அம்மாள் சொன்ன மாதிரி இரண்டு பேருக்குச் சாப்பிடலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். அவசரப்படாதீர்கள். என் அம்மா சொன்ன அரை வயிற்றுச் சாப்பாட்டை முதலில் பார்த்துவிடலாம்.

பட்டினியால் சிசுவுக்கு என்ன ஆகும் என்பதை உலகம் தெரிந்துகொண்டது ஒரு பெரிய துயரத்தின் மூலமாக. 1944-ம் வருஷக் கடைசியில், இரண்டாவது உலக மகா யுத்தத்தின்போது, ஹாலந்து தேசத்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகவிடாமல் ஜெர்மானியர்கள் தடுத்துவிட்டார்கள். கடுங்குளிரில் கால்வாய்களும் உறைந்துபோயின. 1945 மே மாதம் விடுதலை கிடைக்கும் வரையில் ஜனங்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த உணவு 1000 கலோரிக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்தக் காலத்திலும் பெண்கள் கர்ப்பம் தரித்தார்கள், பிள்ளை பெற்றார்கள்.

அந்தப் பிள்ளைகளை விஞ்ஞானிகள் மறக்கவில்லை. 19 வயதில் ராணுவப் பரிசோதனைக்கு வந்த லட்சத்துக்கும் மேற்பட்ட வாலிபர்களின் புத்திக் கூர்மையைக் கணக்கிட்டு 1972-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆச்சரியம்! பஞ்சத்தில் வயிற்றில் இருந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் புத்திக் கூர்மையில் வித்தியாசமே இல்லை. தாயின் உடம்பு தன் சதையைக் கரைத்தாவது குழந்தையின் மூளையைக் காப்பாற்றப் பார்க்கிறது. அது இயற்கையின் கருணை.

ஆனால், அந்தக் கருணைக்கும் ஓர் எல்லை உண்டு. பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவுற்றவர்களின் குழந்தைகளில், மூளையும் முதுகுத் தண்டும் சரியாக மூடாமல் பிறந்தவை அதிகம். அவர்கள் பெரியவர்களான பிறகு சித்தப் பிரமை போன்ற ஒரு கடும் மனநோய் அவர்களிடையே இரண்டு மடங்கு காணப்பட்டது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் பஞ்சத்துக்கு ஆளானவர்கள், 60 வயதை நெருங்கும்போது மனத்தை ஒருமுகப்படுத்தும் ஒரு சோதனையில் பின்தங்கினார்கள் என்று 2010-ல் தெரியவந்தது. தாய் பட்ட பட்டினியின் அடையாளம் மகனின் தலை நரைத்த பிறகு வெளியே வருகிறது! அரை வயிறு சாப்பிட்டால் பிரசவம் சுலபம் என்று சொல்லும் பாட்டிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. குழந்தையின் மூளைக்குத் தாயின் எடை மட்டும் போதாது, சரியான சரக்கும் வேண்டும். இந்த விஷயத்தில் நம் சென்னைப் பட்டணத்துக்கே ஒரு பெருமை உண்டு. லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் 1928-ல் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் ரத்தமில்லாமல் வெளுத்துப் போய் மடிவதைக் கண்டு, காரணம் தேடினார். குன்னூரில் ஆராய்ச்சி செய்தார். 1931-ல் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று பெயர் மாறியும் நாம் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறோமே, அதேதான். நான் பிறந்த ஆஸ்பத்திரி!

ஈஸ்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான பண்டத்தைக் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். அதில் இருந்த சத்து என்னவென்று அப்போது தெரியவில்லை. 1941-ல் பசலைக் கீரை வகையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலைக்கு லத்தீன் பாஷையில் உள்ள சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். ஏற்கனவே ஒரு தடவை முதுகுத் தண்டு மூடாத குழந்தையைப் பெற்ற தாய்மார்களுக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே இதைக் கொடுத்தால் அந்தக் குறை 100-க்கு 72 பங்கு தடுக்கப்படுகிறது என்று 1991-ல் நிரூபணமாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது காலம்தான். மூளைக்கும் தண்டுக்கும் அஸ்திவாரமான குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அதாவது, "நாள் தள்ளிப் போயிருக்கிறதோ?" என்று நாம் விரலை மடக்கி எண்ணும்போதே அந்த வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது! ஆகையால் குழந்தை வேண்டுமென்று தீர்மானித்த பெண், கர்ப்பமாவதற்கு முன்பே டாக்டரைக் கேட்டு ஃபோலிக் அமில மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும். அதிக எடையைக் குறைக்க நினைப்பவர்களுக்கும் அதுவே சரியான காலம். கல்யாணமான புதிதில் விருந்து சாப்பிட்டே நாளைக் கழிக்காமல், அப்போதே நடையும் அளவான சாப்பாடும் பழகிக்கொண்டால் நல்லது. வயிற்றில் குழந்தை வந்த பிறகு இளைக்க முயல்வது கூடாது.

இனி, எத்தனை கிலோ கூடலாம்? இதை ஒரு குடும்ப வரவு செலவுக் கணக்குப் போலப் பார்ப்போம். குழந்தை 3 கிலோ. நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். பனிக்குட நீர் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கர்ப்பப்பை வளர்ந்தது ஒரு கிலோ. மார்பகங்கள் அரைக் கிலோ. புதிதாக ஊறிய ரத்தம் ஒன்றேகால் கிலோ. உடம்பில் தங்கும் நீர் ஒன்றரைக் கிலோ. பால் கொடுக்கும் காலத்துக்காக உடம்பு சேர்த்து வைக்கும் கொழுப்பு 3 கிலோ. கூட்டிப் பாருங்கள், 11, 12 கிலோ ஆகிறது. இதில் குழந்தையின் பங்கு நாலில் ஒன்றுதான்!

ஏற்கனவே பருமனாக உள்ள பெண், பாங்கியில் பணம் போட்டு வைத்திருப்பவளைப் போல. அந்தக் கடைசி 3 கிலோவை அவள் புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை. மெலிந்த பெண்ணோ, தனக்கும் சேர்த்துச் சேமிக்க வேண்டியவள். 2009-ல் அமெரிக்க வைத்திய நிபுணர் குழு ஒன்று வகுத்த கணக்கு இப்படி: எடைக் குறியீடு பதினெட்டரைக்குக் கீழே உள்ளவர்கள் பன்னிரண்டரை முதல் 18 கிலோ வரை கூடலாம். பதினெட்டரைக்கு மேல் 25-க்குள் என்றால் பதினொன்றரை முதல் 16. 25-க்கு மேல் 30-க்குள் என்றால் 7 முதல் பதினொன்றரை. 30-க்கு மேற்பட்டவர்கள் 5 முதல் 9. நம் தேசத்தார் குறைந்த எடையிலேயே சர்க்கரை வியாதிக்கு ஆளாகிவிடுவதால், 23 தாண்டினாலே நமக்கு எச்சரிக்கை மணி என்று இங்குள்ள டாக்டர்கள் சொல்கிறார்கள்.

எடைக் குறியீடு என்றதும் பயந்துவிடாதீர்கள். கர்ப்பத்துக்கு முன் இருந்த எடையைக் கிலோவில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உயரத்தை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்த விடையால் எடையை வகுத்தால் தீர்ந்தது. எங்கள் பெண்ணின் உயரம் 155 சென்டிமீட்டர், எடை 68 கிலோவாக இருந்தது. குறியீடு 28 சொச்சம் வருகிறது. ஏழு மாதத்தில் 7 கிலோ கூடியிருந்தாள். அதில் தப்பு ஒன்றுமே இல்லை! நிதானமாக வாரத்துக்குக் கால் கிலோ போலக் கூடிக்கொண்டு போயிருந்தால் போதும். அதற்குள் ஒரு செய்தியைப் படித்துவிட்டு, பதினைந்து நாளில் ஒன்றரைக் கிலோவை இறக்கிவிட்டாள்.

"பாங்கியிலேதான் பணம் இருக்கே டாக்டர், அதை எடுத்துச் செலவு பண்ணினா என்ன?" என்று நான் கேட்டேன்.

"கொழுப்பு மட்டும்தாம்மா அந்தப் பாங்கியிலே இருக்கு. புரதம், இரும்பு, அயோடின் இதெல்லாம் அன்னன்னிக்குச் சாப்பாட்டிலேதான் வரணும். அதோட, பட்டினி கிடந்து கொழுப்பு வேகமாக் கரைஞ்சா ரத்தத்திலே கீடோன்னு ஒரு பொருள் சேரும். அது கர்ப்ப காலத்திலே நல்லதில்லே. இந்தக் கடைசி மூணு மாசம் குழந்தையோட மூளைக்கு அறுவடைக் காலம் மாதிரி. வழவழன்னு இருந்த மூளையிலே மடிப்பு மடிப்பா விழற சமயம். இப்போ போய்த் தண்ணி பாய்ச்சறதை நிறுத்தலாமா?" என்றார்.

அப்புறம் அவர் கேட்ட கேள்வியில்தான் உண்மையான விஷயம் வெளிவந்தது. "ஆறாம் மாசம் குளுகோஸ் தண்ணி குடிச்சுப் பண்ற பரிசோதனைக்கு வரச் சொன்னேனே, ஏன் வரலே?"

பெண் தலையைக் குனிந்தாள். மூன்றாம் மாதம் பார்த்தபோது சர்க்கரை சரியாக இருந்ததாம். இரண்டாம் தடவை எதற்கு என்று விட்டுவிட்டாளாம். அன்றே அங்கேயே பரிசோதனை நடந்தது. 75 கிராம் குளுகோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். 140-ஐ எட்டினால் கர்ப்ப கால நீரிழிவு என்று அர்த்தம். அவளுக்கு 152.

சகோதரிகளே, தாயின் எடையைப் பற்றி டாக்டர்கள் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்பதற்கு முக்கியமான பதில் இங்கேதான் இருக்கிறது. எடை அதிகமானவர்களுக்கு இந்த நீரிழிவு வரும் சந்தர்ப்பம் அதிகம். தாயின் ரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. அவ்வளவு சர்க்கரையைச் சமாளிப்பதற்காகக் குழந்தை தானே இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. கொழுக்கவும் செய்கிறது. பிறந்ததும் தொப்புள்கொடியை வெட்டியவுடன் தாயிடமிருந்து வரும் சர்க்கரை நின்றுபோகிறது. ஆனால், குழந்தையின் இன்சுலின் உடனே நிற்பதில்லை. விளைவு? பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். சிசுவின் மூளைக்கு எரிபொருளே சர்க்கரைதான். அது கடுமையாக இறங்கி, கவனிப்பாரற்றுப் போனால் மூளைக்கு ஆபத்து. கவனித்து உடனே பால் கொடுத்தாலோ, தேவையானால் மருந்து கொடுத்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் நாட்டில் கர்ப்பிணிகள் ஒவ்வொருவருக்கும் இந்தச் சோதனை நடக்க வேண்டுமென்று வெகு காலம் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐ இந்தியாவில் கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு தினமாக அனுசரிக்கிறார்கள். சோதனையைக் கர்ப்பம் தெரிந்தவுடன் ஒரு முறையும், 24-லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொரு முறையும் செய்துகொள்ள வேண்டும். முதல் தடவை சரியாக இருந்தது என்று இரண்டாவதை விட்டுவிடக் கூடாது. ஒல்லியான பெண்களுக்கும் இது வரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவையும் சம்பந்தி அம்மாளையும் கூடத்தில் உட்கார வைத்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் படித்தேன். இரண்டு பேருக்குச் சாப்பாடு என்றால் இரண்டு இலைச் சாப்பாடு இல்லை. நாலாம் மாதத்திலிருந்து ஒரு நாளைக்கு அதிகப்படியாக வேண்டியது ஏறக்குறைய 350 கலோரி. நம் பாஷையில் சொன்னால் சாம்பாரோடு இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால். அவ்வளவே! எடை கூடினவர்களுக்கு டாக்டர் அதிலும் கொஞ்சம் குறைத்துச் சொல்லக் கூடும்.

எங்கள் பெண்ணுக்குச் சர்க்கரையும் இருந்ததால், சாதத்தை ஒரே வேளையில் குவிக்காமல் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். சாதத்தின் அளவு குறைந்த இடத்தில் கீரைக் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், பாசிப் பருப்பு, சுண்டல், முட்டை, தயிர் வந்து உட்கார்ந்தன. சர்க்கரைப் பொங்கலும் பழச்சாறும் விடைபெற்றன. சாப்பிட்டதும் பதினைந்து நிமிஷம் மொட்டை மாடியில் நடை. இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சேராது. ஆகவே காபிக்கும் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு இரும்பும் வேண்டும், அயோடினும் வேண்டும். உப்புப் பொட்டலத்தில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

"அப்போ நாங்க சொன்னது ரெண்டுமே தப்பா?" என்றார் அம்மா.

"ரெண்டும் பாதி சரி அம்மா. நல்லாச் சாப்பிடணும்னு சம்பந்தி சொன்னது சரி. அளவு வேணும்னு நீங்க சொன்னது சரி. ரெண்டையும் சேர்த்து ஒரு தட்டிலே வைக்கணும்" என்றேன்.

சம்பந்தி அம்மாள் ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பதினஞ்சு நாளா வெறும் மோரைக் குடிச்சியாடி? என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார். அவர் குரல் கம்மிவிட்டது. அவளை அவ்வளவு தூரம் பயமுறுத்தியது வெறும் செய்தி மட்டும்தானா? போகிறவர் வருகிறவரெல்லாம், "அடேயப்பா, ஏழாம் மாசத்திலேயே இப்படி ஊதிட்டியே!" என்று சொல்லிவிட்டுப் போனோமே, அதுவும்தான். நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். கர்ப்பிணியின் உடம்பைப் பற்றி நாம் விளையாட்டாகச் சொல்லும் வார்த்தை அவள் தட்டிலிருந்து ஒரு தோசையை எடுத்துவிடக் கூடும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டு வாரத்தில் சாப்பாட்டு முறையிலேயே சர்க்கரை கட்டுக்கு வந்துவிட்டது. வராதவர்களுக்கு மருந்தோ இன்சுலினோ தேவைப்படும். அதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை எடை பார்த்துக் காலண்டரில் குறித்து வைப்பதைச் சம்பந்தி அம்மாளே ஏற்றுக்கொண்டார். பால் கணக்குக்குப் பக்கத்தில் மருமகளின் எடைக் கணக்கு!

கார்த்திகை மாதம் பெண் குழந்தை பிறந்தது. எடை 2 கிலோ 900 கிராம். பெண் ஆரம்பத்திலிருந்து மொத்தம் கூடியது 9 கிலோ. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் செய்தார்கள். பிறகு நர்ஸ் வந்து குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார். குழந்தை அழுததைவிடத் தாய்தான் அதிகம் அழுதாள். சர்க்கரை சரியாகவே இருந்தது.

பிறந்த குழந்தையின் மூளை 350 கிராம் போல இருக்கும். பெரியவர்களின் மூளையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. மீதி முக்கால் பங்கும் இனிமேல்தான் வளர வேண்டும். தாய்ப்பாலும், பேச்சும், தாலாட்டும், விளையாட்டும் செய்ய வேண்டிய வேலை எவ்வளவோ இருக்கிறது. வயிற்றில் இருந்த ஒன்பது மாதத்தோடு கதை முடிந்துவிடுவதில்லை.

சென்ற வாரம் போயிருந்தேன். அம்மா கொள்ளுப் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். அது அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து சம்பந்தி அம்மாள், "தோசை ஆறிப் போகுது, வாடி!" என்று மருமகளைக் கூப்பிட்டார். அவள் போனாள். மூன்று தோசையையும் சட்டினியையும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும் வரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.